சறுக்கிய காக்கிக்குத் திரும்ப வழி உண்டா?

2015ஆம் ஆண்டு கோடையில் ஆம்பூர் வட்டாரம் காவல்துறையின் இரண்டு சறுக்கல்களை அடுத்தடுத்துப் பார்த்தது. மே மாதக் கடைசியில் ஆம்பூர் அருகே ஒருவர் கொலையானார். விசாரணை செம்மரக் கடத்தல் கும்பல் வரை போனது. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் நகர்ந்து, வேலூரில் மதுவிலக்குப் பிரிவு டி.எஸ்.பி.யாக இருந்தவரின் வாசலில் வந்து நின்றது. கடத்தலில் பங்கு உண்டு என்ற குற்றச்சாட்டில் அவர் கைதானார். அதே ஆண்டு ஜூனில், காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடும் வழக்கில் பள்ளிகொண்டா போலீஸார் ஷமீல் அகமது என்ற 26 வயது இளைஞரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். அது ஜூன் 15. ஜூன் 26 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் அவர் இறந்தார். ஸ்டேஷனில் அடித்ததுதான் காரணம் என்றது குடும்பம். மறுநாள் இரவு ஆம்பூர் எரிந்தது. தேசிய நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது, வாகனங்கள் கொளுத்தப்பட்டன, பெண் காவலர்கள் உட்படப் பல போலீஸார் காயமடைந்தார்கள். இன்ஸ்பெக்டர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. தேடப்பட்ட பெண்ணோ, ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர், சில நாள்களிலேயே சென்னையில் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டார்.

கலவர வழக்கு பத்தாண்டு நடந்தது. 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் 22 பேரைக் குற்றவாளிகள் என்று சொல்லி, 161 பேரை விடுவித்தது. விடுதலையானவர்களில் பலர் இந்தப் பத்தாண்டும் தோல்ஷாப்பில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வாய்தாவுக்கு அலைந்திருப்பார்கள்.

இந்த இரண்டு சறுக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பணத்துக்காகச் சறுக்கிய போலீஸ்காரருக்குத் தான் செய்தது திருட்டு என்று தெரியும். அடித்தவருக்கு அது தெரிவதில்லை. வழக்கைத் துப்புத் துலக்கினேன், மேலதிகாரி நெருக்கினார், கடமையைச் செய்தேன் என்றே அவர் நினைத்துக்கொள்கிறார். முதலாமவர் மனம் திருந்துவது கடினம்தான், ஆனாலும் எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியும். இரண்டாமவர் முதலில் தான் விழுந்ததையே ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் காவல்துறையின் விதிகளோ, நீதிமன்ற நடைமுறையோ, நம் சினிமாவோ இந்த இரண்டாமவருக்கு ஒரு வழியும் வைக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் பணச் சறுக்கல். பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் பட்டறைப் பிரதேசம் எல்லைப் பிரதேசமும்கூட. வடக்கே ஆந்திரம், மேற்கே கொஞ்ச தூரத்தில் கர்நாடகம், தெற்கே ஜவ்வாது மலை. ரேஷன் அரிசி ரயிலேறியும் லாரியேறியும் எல்லை தாண்டுகிறது. ஆற்று மணல் இரவில் நகர்கிறது. மலையில் சாராய ஊறல், காட்டில் ஒரு காலத்தில் சந்தனம், பிறகு எல்லைக்கு அப்பால் செம்மரம். இவற்றைத் தடுக்க வேண்டிய ஏட்டும் எஸ்.ஐ.யும் மாதச் சம்பளக்காரர்கள். தடுக்கிறவருக்குக் கிடைப்பது ஒரு பாராட்டுச் சான்றிதழ், கண்டும் காணாமல் இருப்பவருக்குக் கிடைப்பது மாமூல். இந்தக் கணக்கு எல்லா எல்லை மாவட்டத்துக்கும் பொது. வேலூருக்கு மட்டும் உரிய இழுக்காக இதைச் சொல்வதற்கில்லை.

இதில் 2021 ஜூனில் நடந்த ஒரு சம்பவம் தனியாகப் பேசத் தகுந்தது. கொரோனா இரண்டாம் அலை ஊரடங்கில் டாஸ்மாக் கடைகள் மூடியிருந்த நேரம். வேலூர் அருகே அணைக்கட்டுப் பக்கம் குருமலையில் உள்ள நச்சிமேட்டில் சாராய வேட்டைக்குப் போனார்கள் அரியூர் ஸ்டேஷனைச் சேர்ந்த ஒரு எஸ்.ஐ.யும் இரண்டு காவலர்களும். போலீஸைக் கண்டதும் சாராயம் விற்றவர்கள் ஓடிவிட்டார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளை உடைத்து எட்டரை லட்சம் ரூபாயும் 15 பவுன் நகையும் எடுத்துக்கொண்டு இறங்கியவர்களை மலைக் கிராமத்து மக்கள் வழிமறித்துச் சூழ்ந்துகொண்டார்கள். வேறு அதிகாரிகள் வந்து பேசி, பணமும் நகையும் அங்கேயே திருப்பிக் கொடுக்கப்பட்டன. அப்புறம் மூவர் மேலும் வழக்கு, பணியிடை நீக்கம், கைது.

சாராயம் விற்கிறவன் தன் வீட்டில் திருட்டுப் போனால் எந்த ஸ்டேஷனுக்குப் போவான்? அவனால் புகார் கொடுக்க முடியாது என்ற நிச்சயம்தான் பூட்டை உடைத்த கைக்குத் தைரியம் தந்திருக்கும். சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிற்பவனிடம்தான் போலீஸ்காரர் முதலில் சறுக்குகிறார். காணாமல் போனவள் வழக்கில் பிடிபட்ட இளைஞன், ஊரடங்கில் வண்டியைப் பறிகொடுத்த கூலிக்காரன், திருட்டு வழக்கில் சிக்கிய குறவர், இருளர் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் குருமலைச் சாராயக்காரன் இருந்த இடத்தில் இருப்பவர்களே. 2020 ஜூலையில் ஆம்பூரில் ஊரடங்கு நேரத்தில் போலீஸார் தன் வண்டியைப் பறித்துக்கொண்டதற்காக ஓர் இளைஞர் நடுரோட்டில் தீக்குளித்து இறந்தார். சம்பந்தப்பட்ட போலீஸார் இடமாற்றம் செய்யப்பட்டார்கள்.

இடமாற்றம். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். காவல்துறைக்குள் தவறு நடந்தால் அதைக் கையாள ஒரு பழைய இயந்திரம் இருக்கிறது. சின்னத் தவறுக்கு மெமோ. அதைவிடப் பெரிதென்றால் ஆயுதப்படைக்கு மாற்றம். பத்திரிகையில் வந்துவிட்டால் காத்திருப்போர் பட்டியல். அதற்கும் மேலே பணியிடை நீக்கம், அந்தக் காலத்தில் பிழைப்பூதியம். 1955ஆம் ஆண்டின் காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளில் மூன்றாம் விதியின் ‘பி’ பிரிவின்படி குற்றக் குறிப்பாணை வந்தால்தான் ஸ்டேஷனில் முகம் மாறும். “த்ரீ பி குடுத்துட்டாங்க” என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். அதற்குப் பதில் எழுதி, விசாரணை அதிகாரி முன் நின்று, ஊதிய உயர்வு ஓரிரு வருஷம் தள்ளிப் போய், கடைசியில் வேறொரு மாவட்டத்தில் வேறொரு ஸ்டேஷனில் திரும்பவும் காக்கி ஏறிவிடும்.

துறை இதைத் திருந்தி வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. குடும்பமும் அப்படியே, “ஏதோ கெட்ட நேரம், போயிடுச்சு” என்று சொல்லி. இந்த நடைமுறை முழுவதிலும் பாதிக்கப்பட்டவரின் பெயர் ஒரு கோப்பில் மட்டுமே இருக்கிறது. அவரிடம் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. என்ன நடந்தது என்று வாயைத் திறந்து சொல்லாமலேயே ஒருவர் முழுத் தண்டனையையும் கழித்துவிட முடியும். சொல்லப்போனால் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். நடத்தை விதிகள் பத்திரிகையிடம் பேசுவதைத் தடுக்கின்றன. 1966ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று காவலர்கள் சங்கம் சேர்வதற்கும் கடிவாளம் போடுகிறது.

உண்மையைச் சொன்ன போலீஸ்காரர்களே இல்லையா? இருந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தில்.

1970 பிப்ரவரி 18 அன்று வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் நக்சலைட் தலைவர் வர்கீஸ் போலீஸுடன் நடந்த மோதலில் செத்ததாக அறிவிக்கப்பட்டது. 28 ஆண்டுகள் கழித்து, 1998இல், ராமச்சந்திரன் நாயர் என்ற ஓய்வுபெற்ற மத்திய ரிசர்வ் படைக் காவலர் பேசினார். மோதல் எதுவும் நடக்கவில்லை, உயிரோடு பிடிபட்ட வர்கீஸைச் சுட்டது தானே, மேலதிகாரியின் கட்டளைப்படி சுட்டேன், மறுத்தால் தன்னையும் கொன்று மோதலில் செத்ததாகக் காட்டிவிடுவார்கள் என்று பயந்தேன் என்றார். உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. குற்றப்பத்திரிகையில் முதல் எதிரி யார் தெரியுமா? ராமச்சந்திரன் நாயர்தான். உண்மையைச் சொன்னவர் முதல் எதிரி, கட்டளையிட்டதாகச் சொல்லப்பட்ட லட்சுமணா அடுத்த எதிரி. நாயர் 2006இல் இறந்துபோனார், தீர்ப்பைப் பார்க்கவில்லை. 2010 அக்டோபரில் கொச்சி சி.பி.ஐ. நீதிமன்றம், ஐ.ஜி.யாக ஓய்வு பெற்றிருந்த லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இன்னோர் உயரதிகாரி சந்தேகத்தின் பலனில் விடுதலையானார். சில ஆண்டுகளில் வயதைக் காரணம் காட்டி லட்சுமணாவும் வெளியே வந்துவிட்டார். நாயரின் வாழ்க்கையை ஒட்டி மதுபால் ‘தலப்பாவு’ என்று ஒரு படம் எடுத்தார், 2008இல்.

நாயர் கதையில் நான் அதிகம் யோசிப்பது அந்த 28 ஆண்டுகளைப் பற்றி. அவருக்கு மனசாட்சி திடீரென்று முளைக்கவில்லை. துப்பாக்கியைத் தூக்கிய அன்றே உறுத்தியதாக அவரே சொன்னார். பணி, ஓய்வூதியம், குடும்பம் எல்லாம் முடிந்த பிறகுதான் பேசுவதற்கு அவருக்கு வசதி வந்தது. உண்மையைச் சொல்ல ஓய்வு பெறும் வரை காத்திருக்க வேண்டும் என்றால், அதற்குள் சாட்சிகள் செத்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் திருப்பத்தூரை நினைக்காமல் இருக்க முடியாது. 1980 ஆகஸ்ட் 6 அன்று அங்கே போலீஸ் வாகனத்தில் குண்டு வெடித்து இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் உடன் இருந்த காவலர்களும் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்கள் நினைவிடத்தில் அஞ்சலி நடக்கிறது. வால்டர் தேவாரம் தலைமையில் தொடங்கிய நக்சலைட் வேட்டைக்கு இறந்த இன்ஸ்பெக்டரின் மகள் பெயரில் ‘ஆபரேஷன் அஜந்தா’ என்று பெயரிட்டார்கள். அன்றைய வட ஆற்காடு, தருமபுரி மாவட்டங்களில் பல இளைஞர்கள் செத்தார்கள். போலீஸ் மோதல் என்றது, மனித உரிமை அமைப்புகள் கொலை என்றன. கடமையில் இறந்த காவலர்களுக்கு நினைவிடம் இருப்பது நியாயம், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் திருநெல்லிக்கு ஒரு ராமச்சந்திரன் நாயர் கிடைத்தது போல இந்தப் பக்கத்துக் காட்டுக்கு ஒருவர் கிடைக்கவில்லை. ஒருவர் பேசியிருந்தால், இரண்டு தரப்பில் யார் சொன்னது உண்மை என்றாவது தெரிந்திருக்கும்.

பிறகு தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், நான்கு நாளுக்குள் இருவரும் இறந்தார்கள். அந்த ஸ்டேஷனின் கேமரா பதிவுகள் அன்றாடம் தானாகவே அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தன. இயந்திரம் வாய்மூடிய இடத்தில் தலைமைக் காவலர் ரேவதி பேசினார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் பாரதிதாசனிடம், விடிய விடிய அடித்தார்கள் என்று சொன்னார். சொல்லும்போதே சக போலீஸார் வெளியே நின்று மிரட்டும் தோரணையில் நடந்துகொண்டதை மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதினார். ரேவதிக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அதாவது, ஒரு போலீஸ்காரரைப் போலீஸ்காரர்களிடமிருந்து காப்பாற்ற போலீஸ் பாதுகாப்பு. ரேவதி குற்றம் செய்தவர் அல்லர், ஆகவே அவர் கதை மீட்சிக் கதை ஆகாது. ஆனால் உண்மை சொல்ல நினைக்கும் ஒருவருக்கு அந்தக் கட்டடத்துக்குள் என்ன காத்திருக்கிறது என்பதை அவர் சாட்சியம் காட்டிக் கொடுத்தது.

அதே வழக்கில் முதல் எதிரியான இன்ஸ்பெக்டர் ஸ்ரீதர் 2025 ஜூலையில் ஒரு மனுப் போட்டார். அப்ரூவராக மாற விரும்புகிறேன், மனசாட்சிப்படி உண்மையைச் சொல்கிறேன் என்றார். ஐந்து ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு, வழக்கு முடியும் தறுவாயில். சி.பி.ஐ. எதிர்த்தது, ஜெயராஜ் குடும்பமும் எதிர்த்தது. நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

தள்ளுபடி சரியா? சட்டப்படி சரி என்றுதான் நினைக்கிறேன். அப்ரூவர் என்பது வேறு ஆதாரம் இல்லாதபோது, குற்றத்தில் சிறு பங்கு உடையவரை வைத்துப் பெரிய பங்கு உடையவரைப் பிடிக்க உதவும் ஏற்பாடு. ஸ்டேஷன் பொறுப்பில் இருந்தவரே அதைக் கேட்டால், மன்னிப்பை வாங்கிக்கொண்டு கீழே இருப்பவர்களைக் காட்டிக் கொடுப்பதாகவே அது முடியும். மனசாட்சி பேசியதா, தண்டனைப் பயம் பேசியதா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. உள்ளே இருப்பவருக்கே தெரியுமோ என்னவோ. ஆனாலும் அந்த மனு என்னை உறுத்துகிறது. உண்மையைச் சொல்கிறேன் என்று குற்றம் சாட்டப்பட்ட போலீஸ் அதிகாரி ஒருவர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கிறார், அதைக் கேட்டு வாங்கி வைக்க நம்மிடம் ஒரு இடம் இல்லை. மன்னிப்போடு சேர்த்துத்தான் உண்மையைப் பெற முடியும் என்று நம் நடைமுறை நினைக்கிறது. மன்னிப்புத் தர முடியாதபோது உண்மையும் வெளியே போய்விடுகிறது.

இதில் இன்னொரு விசித்திரம். போலீஸ் அதிகாரியிடம் தரும் வாக்குமூலம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் சொன்னது, புதிய சட்டமும் அதையே சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே ஸ்டேஷனில் வாக்குமூலம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருந்தது. போலீஸிடம் தரும் வாக்குமூலத்துக்கு நூற்றைம்பது ஆண்டு யோசித்திருக்கிறார்கள். போலீஸ்காரர் தரும் வாக்குமூலத்துக்கு யாரும் யோசிக்கவில்லை.

சிலப்பதிகாரத்திலும் இதே இடைவெளி உண்டு. பாண்டியன் தன் தவற்றை உணர்ந்து அரியணையிலேயே உயிர் விடுகிறான், காலந்தோறும் அதை மெச்சிக்கொண்டு வருகிறோம். கோவலன் மேல் வாளை வீசிய அந்தப் படிப்பறிவில்லாத குடிகாரக் காவலன் என்ன ஆனான்? இளங்கோ சொல்லவில்லை, நாமும் கேட்டதில்லை. அரசனுக்குக் குற்ற உணர்வு உண்டு, காவலனுக்குக் கட்டளை மட்டுமே. வெற்றிமாறனின் ‘விசாரணை’யில் சமுத்திரக்கனி நடித்த இன்ஸ்பெக்டருக்குக் குற்ற உணர்வு வருகிறது, வந்தவுடனே துறையே அவரைக் கொன்றுவிடுகிறது. அந்தப் படம் வெனிஸில் திரையிடப்பட்டது 2015 செப்டம்பரில், ஆம்பூர் எரிந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில். மற்றபடி நம் சினிமாவில் சறுக்கிய போலீஸ்காரர் திருந்தினால் உடனே பத்துப் பேரை என்கவுன்டர் செய்கிறார். அதைத் திருந்தியதற்குச் சான்றாக ரசிகர் கைதட்டி ஏற்றுக்கொள்கிறார்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையம் வேறொரு வழியைப் பார்த்தது. முழு உண்மையைச் சொன்னால் பொது மன்னிப்பு, வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 1997இல் ஜெஃப்ரி பென்சியன் என்ற பாதுகாப்புப் போலீஸ் அதிகாரி, தான் சித்திரவதை செய்தவர்களின் முன்னாலேயே, ஈரப் பையால் முகத்தை மூடி எப்படி மூச்சைத் திணறடித்தேன் என்று செய்து காட்டினார். 1999இல் அவருக்குப் பொது மன்னிப்புக் கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் பலர் கொதித்தார்கள். அவர் போலீஸ் வேலையில் தொடர்ந்தது அவர்களை இன்னும் புண்படுத்தியது. காவல்துறை அமைச்சராக இருந்த ஏட்ரியன் ஃப்ளாக் 2006இல், தன் ஆட்சி கொல்லப் பார்த்த பாதிரியார் ஃபிராங்க் சிக்கானேயின் காலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். நாடகம் என்றார்கள் சிலர். நாடகமோ என்னவோ, அதன் பிறகு அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையும் வாங்கினார்.

அந்தப் பொது மன்னிப்பை இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே ஓர் ஆட்சியே முடிந்துபோயிருந்தது, இங்கே அதே ஸ்டேஷன் நாளைக் காலையும் திறக்கும். ஆனால் உண்மையையும் மன்னிப்பையும் தனித்தனியாகப் பிரிக்க முடியும். தண்டனையில் சலுகை எதிர்பார்க்காமல், மாஜிஸ்திரேட் முன்னிலையில், பாதிக்கப்பட்ட குடும்பம் கேட்க, நடந்ததைச் சொல்ல ஒரு முறையான ஏற்பாடு. தண்டனைக் குறைப்பைப் பற்றி நீதிபதி பிறகு யோசிக்கட்டும். பணியில் இருந்துகொண்டே சொல்பவருக்கு வேறு படைப்பிரிவில், வேறு தலைமையின்கீழ் வேலை. இதற்கெல்லாம் போலீஸுக்கு வெளியே ஓர் அமைப்பு வேண்டும். பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006லேயே ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் காவல் புகார் ஆணையம் வைக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கியது. போலீஸ் யாருக்குக் கீழே வேலை செய்கிறதோ அவரிடமே போய்ப் போலீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காவலர்களின் மன அழுத்தத்துக்கு அரசு சில நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. நிம்ஹான்ஸ் உதவியோடு நிறைவாழ்வுப் பயிற்சி, வார விடுமுறை. தேவையானவைதான். ஆனால் அவை போலீஸ்காரரைத் தன்னிடமிருந்து காப்பாற்றும் திட்டங்கள். அவர் கையில் அகப்பட்டவரைப் பற்றி அவற்றில் ஒன்றுமில்லை.

சிறை திருத்தும் என்று யாராவது சொன்னால் வேலூரிலேயே பதில் இருக்கிறது. தென்மாநிலச் சிறை அதிகாரிகளுக்குச் சீர்திருத்த நிர்வாகம் சொல்லித் தரும் பயிலகம் இந்த ஊரில் 1979 முதல் நடக்கிறது. மத்திய சிறையில் கைதிகள் ஷூ தைக்கிறார்கள், அதைப் போட்டுக்கொள்பவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. இந்தச் சிறையின் ஆயுள் கைதி ஒருவரைச் சிறைத்துறை டி.ஐ.ஜி. வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, பணம் திருடியதாகச் சொல்லி அடித்துத் தனியறையில் பூட்டியதாக எழுந்த புகாரில், உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில், 2024இல் டி.ஐ.ஜி. உட்பட 14 பேர் மீது சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது.

ஈடு செய்வது என்றால் அது யார் பையிலிருந்து போகிறது என்பதும் கேள்விதான். காவல் மரணத்துக்கு அரசு தரும் இழப்பீடு வரி கட்டுகிறவர் பணம். இறந்தவரின் குடும்பமும் அந்த வரியைக் கட்டியிருக்கும். இதில் உருப்படியான ஒரு விலகல் பக்கத்து தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி வழக்கில் நடந்தது. 1992 ஜூன் 20 அன்று அந்தப் பழங்குடிக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் செய்த வெறியாட்டத்துக்கு 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் உயிரோடு இல்லை. மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று நீதிபதி வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளியபோது, பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னார். அதில் ஐந்து லட்சத்தை அந்தக் குற்றத்தைச் செய்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் சொன்னார். தீர்ப்புக்கு முன் அவரே நேரில் வாச்சாத்திக்குப் போய் வந்திருந்தார்.

ஐந்து லட்சம் பெரிய தொகையில்லை. ஆனால் அது சம்பளத்திலிருந்தோ ஓய்வூதியத்திலிருந்தோ நிலத்தை விற்றோ வர வேண்டிய பணம். அதைக் கொடுக்கிறவர் தன் வீட்டில் மனைவியிடமும் மகனிடமும் இது எதற்கான பணம் என்று ஒரு தடவையாவது சொல்லியாக வேண்டும். ஷமீல் அகமது வழக்கு, குருமலை வழக்கு, இனி வரப்போகும் வழக்குகள் எல்லாவற்றிலும் தண்டனையோடு சேர்த்து இந்த வசூலையும் கேட்டு மனுப் போட அரசு வழக்கறிஞருக்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை.